ஏழாம் வீட்டைத் தவறவிட்ட கேது

மத்தியான வேளையில் மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் நுழைந்த பொத்தான்கடை அக்கா, உட்காரக்கூட இல்லை. ஒரு காகிதத்தை மேசைமேல் விரித்தார்.

"என் கல்யாணத்தை ராகு நிறுத்திட்டான். என்னன்னு பாருங்க."

கண்ணாடிக்கடைக்காரர் கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்து முடித்த பிறகே நிமிர்ந்தார். கூரை இடிந்து விழுந்தாலும் துடைத்து முடித்துவிட்டுத்தான் வெளியே ஓடுவார். ஒருமுறை அப்படித்தான் ஓடினார். அந்தத் தெருவில் காணாமல் போனது, கலைந்து போனது எதுவானாலும் அவரிடம்தான் வரும். ஜாதகமும் கொஞ்சம் பார்ப்பார். பக்கத்து ஸ்டூலில் இருந்த அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, காதைத் தீட்டிக்கொண்டார். மச்சான் படித்துத் தீர்த்த துப்பறியும் புத்தகங்களை அடுக்கி, அவற்றின்மேல் ஏறி நின்றுதான் அவர் வீட்டில் ஒட்டடை அடிக்கிறார்கள்.

விஷயம் இதுதான். அக்காவுக்கு நாற்பத்துமூன்று வயது. கடிகாரம் பழுதுபார்ப்பவரோடு கல்யாணம் பேசியிருந்தது. ஜோசியர் இருவர் ஜாதகத்தையும் பார்த்து, "தங்கமான பொருத்தம்" என்று சொல்லிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வர ஒரு மாதம் ஆகும். போன வாரம் கடிகாரக்காரர், "பழசு கிழிஞ்சுபோச்சு, புதுப் பிரதி" என்று ஒரு ஜாதகத்தை உறையில் போட்டு அக்காவின் அண்ணனிடம் கொடுத்தனுப்பினார். பஸ் கண்டக்டரான அண்ணன் அதைப் பிரித்தார், ஒரு ஜோசியப் புத்தகத்தைப் புரட்டினார், குதிக்க ஆரம்பித்துவிட்டார்.

"சுக்கிரனோட ராகு சேர்ந்து நிக்கிறானாம். கட்டினவளை நட்டாத்துல விட்டுட்டுப் போற ஜாதகமாம். அண்ணன் வேண்டவே வேண்டாம்னு ஒத்தைக் கால்ல நிக்கிறார்."

"மாப்பிள்ளை என்ன சொல்றார்?"

"'கட்டத்துல இருந்தா சரியாத்தான் இருக்கும்'னு குனிஞ்சுக்கிட்டார். ரெண்டு மாசமாவே அவர் என் முகத்தைப் பார்க்கிறதில்ல. காதைப் பார்த்துத்தான் பேசுறார். சரி, காது பிடிச்சிருக்கு போலன்னு போன வாரம் இந்தக் கம்மலே வாங்கினேன்." அக்கா கம்மலைத் தொட்டுக்கொண்டார். "இந்த வயசுல எனக்குன்னு ஒருத்தர் வந்தார். ஒரு கட்டத்துக்காக அவரை விடணுமா?"

"நாளைக்குச் சாயங்காலம் மூணு பேரும் வாங்க," என்றார் கடைக்காரர்.

அக்கா படியிறங்கியதும் மச்சான் எழுந்தே விட்டார். "அத்தான், அண்ணன்தான்! உறையை வாங்கி வழியில மாத்திட்டார். தங்கச்சி போயிட்டா அவர் சட்டைக்குப் பொத்தான் தைக்க ஆள் ஏது? இல்லேன்னா அந்த ஜோசியர்."

"ஜோசியர் இல்ல மச்சான். ராகுவும் கேதுவும் ஒரே பாம்போட தலையும் வாலும். நேருக்கு நேர்தான் நிக்கும். ராகு நிக்கிற வீட்டையும் சேர்த்து எண்ணினா ஏழாவது வீட்ல கேது. இங்க பாருங்க, ராகு மேஷத்துல. கேது துலாத்துலதானே இருக்கணும்? விருச்சிகத்துல இருக்கு. எட்டாவது வீடு. வானத்துல இப்படி ஒரு நாள் வந்ததே கிடையாது. ராகுவைச் சுக்கிரன் பக்கத்துல தள்ளினவருக்குக் கேதுவையும் தள்ளணும்னு தெரிஞ்சிருக்கு. ஆனா ஒரு வீடு கூடுதலா எண்ணிட்டார். ஜோசியர் தூக்கத்துல கூட இந்தத் தப்பைப் பண்ணமாட்டார்."

"அப்ப அண்ணன்தான்! அந்தப் புத்தகம் அவர்கிட்டதானே இருக்கு?"

"அது எல்லாப் பெட்டிக்கடையிலயும் தொங்குது."

மறுநாள் மூவரும் வந்தார்கள். கடைக்காரர் ராகுவைப் பற்றிப் பேசவே இல்லை. சுவர்ப் பலகையில் வரிசையாக இருந்த கண்ணாடிச் சட்டங்களைக் காட்டினார்.

"அண்ணே, அந்தச் சிவப்புச் சட்டத்திலிருந்து ஏழாவதை எடுங்க."

கண்டக்டர் பயணிகளை எண்ணுகிற வேகத்தில் சிவப்பிலேயே விரல் வைத்து "ஒண்ணு" என்று தொடங்கி, ஏழில் நின்ற கறுப்பை எடுத்தார். அதைத் திரும்ப வைத்ததும் கடிகாரக்காரரின் முறை. அவர் பலகையருகே போய், தலையைச் சாய்த்து, சிவப்பைத் தொட்டார். எண்ணவில்லை. அடுத்ததில்தான் "ஒண்ணு" என்றார். அவர் கையில் வந்தது கறுப்புக்கு அடுத்த நீலம்.

மச்சானுக்கு வாய் பிளந்துகொண்டது. தன் குற்றவாளி கைநழுவிப் போவதைப் பார்க்கும் துயரம் அதில் இருந்தது.

"நாமெல்லாம் பொருளை எண்ணுறோம்," என்றார் கடைக்காரர் மெதுவாக. "கடிகாரக்காரர் இடைவெளியை எண்ணுறார். அது தொழில். ஒரு மணியிலிருந்து ஏழு மணி நேரம் போனா முள்ளு எட்டுல நிக்கும். உங்க கேதுவும் எட்டுல நிக்குது. உங்க ஜாதகத்தை நீங்களே கெடுத்துக்கிட்டீங்க."

கடைக்காரர் எழுந்து கடிகாரக்காரர் அருகே போனார்.

"ஏன்னு நான் சொல்லட்டுமா? முகத்தைப் பார்க்க நினைக்கிறவர் காதைப் பார்த்தார்னா, பார்வையோட நடுவுல இருட்டு விழுந்திருக்குன்னு அர்த்தம். ஓரம் மட்டும் தெரியும். இந்தக் கடையில அப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன்."

கடிகாரக்காரர் நீலச் சட்டத்தைப் பலகையில் வைக்கத் தடவினார். "ஒரு வருஷம்தான் தொழில் பார்க்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார். இவகிட்ட சொன்னா 'பரவாயில்லை'ம்பா. கடைசிவரைக்கும் என் கையைப் பிடிச்சு நடத்துவா. அதான்... பழி ராகுமேல போகட்டும்னு பார்த்தேன்."

கண்டக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் வேற உங்களை நாலு தெருவுக்குக் கேட்கத் திட்டிட்டேன் மாப்பிள்ளை."

அக்கா மட்டும் அசையவில்லை. "ராகு சேர்ந்தா விட்டுட்டுப் போவீங்கன்னு பயந்தேன். நீங்க ராகு துணையில்லாமலே கிளம்பப் பார்த்திருக்கீங்க. பரவாயில்லைன்னு நான் சொல்லமாட்டேன். ரொம்பக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அதை ரெண்டு பேரும் படுவோம். டாக்டர்கிட்ட மறுபடி எப்ப?"

"வியாழக்கிழமை."

"நானும் வரேன். அண்ணா, அன்னைக்குக் கடையை நீ பார்த்துக்க."

"எனக்கு டியூட்டி இருக்கே!"

"லீவு போடு," என்றார் அக்கா.