ஜன்னலோரத்தில் ஒரு கைக்குட்டை

என் மச்சான் பல் டாக்டர். என் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். ஊரில் பாதிப் பேருடைய வாய்க்குள் எட்டிப் பார்த்தவர், தன் வாயை மூட மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. பழைய ரயில் என்று யாராவது ஆரம்பித்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு தொடங்கிவிடுவார். கரிப்புகை வாசனை, மரப்பலகை இருக்கை, தண்டவாளத்தின் தாளம், ஜன்னலோரக் காற்று.

"அந்தக் காலத்துல ரயில்ல போறதுன்னா அது ஒரு அனுபவம் மாப்ள. இப்ப என்ன, ஏறுறோம், எறங்குறோம்."

அவர் அந்தக் காலத்து ரயிலில் போனதே இல்லை. என் மாமனார் கார் வைத்திருந்தவர். மகனை மடியில் வைத்து ஓட்டிப்போனார். மகள் ஓர் எலெக்ட்ரீஷியனைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறக் கற்றுக்கொண்டது பிறகு நடந்த கதை.

நான் போயிருக்கிறேன். அப்பா வேலை பார்த்த ஊருக்கு அம்மாவோடு அடிக்கடி போவேன். நின்றுகொண்டே தூங்கியிருக்கிறேன், விழ முடியாது, சுற்றி அவ்வளவு ஆள். கண்ணில் கரித்தூள் விழுந்து அழுதால் அழுகையோடு அதுவும் வெளியே வரும் என்பார் அம்மா. கக்கூஸ் கதவைத் திறக்க முடியாது, உள்ளேயும் நாலு பேர் நிற்பார்கள். இதற்கெல்லாம் ஏங்குகிற ஆள் ஒன்று பொய் சொல்கிறான், அல்லது கார் வைத்திருந்த வீட்டில் பிறந்திருக்கிறான்.

இடம் பிடிப்பதற்கு ஒரே வழிதான் இருந்தது. ரயில் நிற்பதற்கு முன்பே கூட ஓடிப்போய், ஜன்னல் வழியாகத் துண்டையோ கைக்குட்டையையோ இருக்கையில் போட வேண்டும். பிறகு வாசலுக்கு ஓடி, முட்டி மோதி உள்ளே வர வேண்டும். அதுவரை அந்தத் துணி இடத்தைக் காக்கும். எப்பேர்ப்பட்ட முரடனும் அதைத் தொடமாட்டான். கேட்டால் பக்கத்தில் இருப்பவர் "ஆள் வருது" என்பார். அத்தோடு பேச்சு முடிந்தது. இடம் கிடைக்காதவர்கள் உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். அவர்கள் கேட்பதற்கு ஒரு கேள்விதான் உண்டு.

"எங்க எறங்குறீங்க?"

மச்சானும் அவருடைய கூட்டாளிகளும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ரயில்வே யார்டின் கோடியில் துருப்பிடித்துக் கிடந்த மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்றைப் பிடித்து, வார்னிஷ் அடித்து, ஒரு கரி இன்ஜினுக்குப் பின்னால் மாட்டி, ஞாயிற்றுக்கிழமை உலா விடப்போகிறார்களாம். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குத் திரைச்சீலை போட்டார்கள். பலகை குத்துகிறது என்று மெத்தை போட்டார்கள். சங்கத்தின் செயலாளர் கழுத்தில் ஒரு விசில் தொங்கும், அதனால் அவருக்கு விசில்காரர் என்றே பெயர். தண்டவாளச் சத்தத்தைப் பதிவு செய்து வைத்து சாப்பாட்டு வேளையில் பெண்டாட்டிக்குப் போட்டுக் காட்டுகிறவர். அந்த அம்மாள் ஏன் இன்னும் அவரோடு இருக்கிறாள் என்பது எனக்குப் புரியவே இல்லை.

விளக்கு வேலை என் தலையில் விழுந்தது. மாட்டேன் என்றுதான் சொன்னேன்.

"அண்ணன் ஆசையா கேக்குது. மூஞ்சிய இப்படி வெச்சுக்காதீங்க," என்றாள் மனைவி. அவள் சொன்னால் என்னால் தட்ட முடிவதில்லை. இந்த உலகத்தில் எனக்கு எரிச்சல் வராத ஒரே ஆள் அவள்தான்.

முதல் உலாவன்று காலையில் பெட்டிக்குள் ஏறினோம். வார்னிஷ் வாசனை மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் வேறொரு வாசனை, நனைந்த கம்பளி போல, பழைய இரும்பு போல. அடைத்துக் கிடந்த பெட்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மனைவி ஜன்னலோரம் உட்காரப் போனவள் நின்றாள். இருக்கையில் ஒரு கைக்குட்டை விரித்திருந்தது. நீலக் கட்டம் போட்டது, ஓரம் கையால் தைத்தது. தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது.

"இது யாரோடதுங்க?" என்று சுற்றிக் கேட்டாள்.

ஆளாளுக்குத் திரைச்சீலையைத் தொட்டு ரசித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதை அப்படியே விட்டுவிட்டு எதிர்ப் பலகையில் உட்கார்ந்தாள். இப்படித்தான் மனிதர்கள் நடந்துகொள்வார்கள்.

மச்சான் வந்தார். பார்த்ததும் கைதட்டினார். "அச்சு அசல்! யாரு இந்த ஏற்பாட்டைப் பண்ணது? விசிலு, நீயா?" கைக்குட்டையை எடுத்தார், நெற்றியைத் துடைத்தார், பாக்கெட்டில் திணித்தார், உட்கார்ந்தார்.

"அதுக்கு ஆள் வரும், எந்திரிங்க," என்றேன். எனக்கே தெரியாமல் வாயில் வந்த பேச்சு அது.

"வரட்டும் மாப்ள, பாத்துக்கலாம்."

நான் நடைபாதையில் என் கருவிப் பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். கனத்த மரப்பெட்டி; எங்கே வேலைக்குப் போனாலும் எனக்கு அதுதான் நாற்காலி. ரயில் கிளம்பியது. விசில்காரர் ஊதினார். எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கண்ணில் தூசி விழுந்து, அதையும் ரசித்தார்கள்.

வழியில் ஒரு நீண்ட சுரங்கப்பாதை உண்டு. அதற்காகத்தான் விளக்கு. உள்ளே நுழைந்ததும் என் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. நான் போட்ட விளக்கு அப்படித்தான் எரியும்.

பிறகு மங்கின.

அணையவில்லை. வெளிச்சத்துக்கும் நமக்கும் நடுவில் நிறையப் பேர் வந்து நின்றால் எப்படி மங்குமோ, அப்படி மங்கின. அந்த நனைந்த வாசனை தொண்டை வரை வந்தது. மச்சானுக்கு எதிரே இருந்த ஜன்னல் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. அவருக்கு மேலே, சாமான் பலகையைப் பிடித்தபடி ஒரு கை தெரிந்தது.

அவர் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

"எங்க எறங்குறீங்க?"

மெதுவான குரல். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியவில்லை. நெடுநேரம் நின்று களைத்தவர்களின் குரல் எல்லாமே அப்படித்தான் இருக்கும்.

மச்சான் சிரித்தார். "கடைசி வரைக்கும் போறேன்," என்றார் இருட்டைப் பார்த்து. "பிரமாதம் விசிலு. ஸ்பீக்கர் எங்க வெச்சிருக்க?"

வெளிச்சம் வந்தபோது விசில்காரர் பெட்டியின் மறுகோடியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் கேட்டிருந்தது.

ரயில் திரும்புகிற ஸ்டேஷனில் எல்லோரும் இறங்கி இன்ஜினைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தார்கள். மச்சான் மட்டும் குழாயடியில் நின்று கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். வலது கால் செருப்பில் யாரோ மிதித்த கரி அடையாளம் இருந்தது. வெறுங்கால் தடம். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன மச்சான்?"

"ஒண்ணுமில்ல மாப்ள. வெயில்." அதற்குமேல் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன்.

நான் பெட்டிக்கு அடியில் குனிந்து பேட்டரிகளைச் சோதித்தேன். எல்லாம் நிறைந்திருந்தது. ஒரு வயரில்கூடத் தளர்ச்சி இல்லை. கை கழுவி நான் ஏறுவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. பின்வாசலில் தொற்றி ஏறி, படம் பிடிக்கும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் இடத்துக்கு வந்து சேர்ந்தேன்.

மச்சான் எதிர்ப் பலகையில் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரத்தில் என் மனைவி.

"அண்ணன்தான் இங்க உக்காரச் சொன்னுச்சு. காத்து வரும்னுச்சு," என்றாள்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். என் வாழ்க்கையில் எத்தனையோ அற்பர்களைப் பார்த்திருக்கிறேன். தனக்குப் பயமாக இருக்கிறது என்று கூடப்பிறந்தவளை அந்த இடத்தில் உட்கார வைத்தவரை அன்றுதான் பார்த்தேன்.

"எந்திரி," என்றேன் அவளிடம்.

சுரங்கப்பாதை வந்துவிட்டது.

இந்த முறை விளக்கு மொத்தமாகப் போனது. சங்கத்தார் ஓவென்று உற்சாகமாகக் கத்தினார்கள். அவர்கள் சத்தம் பெட்டியின் மறுகோடிக்கு விலகிப் போனதுபோல் இருந்தது. என் பக்கத்தில் வேறு சத்தம். மூச்சுகள். துணி உரசும் சத்தம். என் முதுகை யாரோ இடித்தார்கள். என் முழங்கையில் இன்னொரு முழங்கை.

"எங்க எறங்குறீங்க?"

என் மனைவிக்கு அருகில்.

அவளுக்கு அந்தக் காலத்து ரயிலும் தெரியாது, பதிலும் தெரியாது.

டார்ச்சை எடுத்து அடித்தேன். அவள் பலகையோடு பலகையாக அழுந்திக் கிடந்தாள். மடியில் சேலை நசுங்கித் தட்டையாக இருந்தது. இரண்டு தொடையிலும் ஈரம் ஊறிக்கொண்டிருந்தது. கைகளைத் தூக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. மடியில் ஒன்றுமே இல்லை.

"எந்திரிக்க முடியலைங்க," என்றாள். மூச்சுதான் வந்தது. "என் மேல உக்காந்திருக்காங்க."

இடுப்பைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. அவள் உதடு வெளுத்துக்கொண்டே போனது. அவள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று ஒரு நொடி தோன்றியது. வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை.

பிறகு எனக்கு உறைத்தது. அது கொலை செய்ய வரவில்லை. ஜன்னல் வழியாகத் துணியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிய யாரோ. வாசலில் நடந்த தள்ளுமுள்ளில் உள்ளே வந்து சேராமல் போன யாரோ. பெட்டி வெகுகாலம் யார்டில் கிடந்தபோதும் இடம் காலியாகத்தான் இருந்திருக்கும். அந்தத் துணியை எடுத்து மூஞ்சி துடைத்தவர் என் மச்சான்.

டார்ச்சை அவர் முகத்தில் அடித்தேன். "அந்தத் துணிய எடுங்க."

"எந்தத் துணி மாப்ள?"

பாக்கெட்டில் கையை விட்டு நானே பிடுங்கினேன். காலையில் இருந்த அதே ஈரம். இப்போது வேண்டியது ஓர் இடம். சுற்றிலும் டார்ச் அடித்தேன். எல்லாப் பலகையிலும் ஆள். ஒருவரும் எழவில்லை.

மச்சான் மடி எதிரிலேயே இருந்தது. கை அங்கேதான் போனது.

"அண்ணன் வேணாம்," என்றாள் அவள். மூச்சு விட முடியாத நிலையிலும் அதைச் சொன்னாள். அந்த மனிதருக்கு அப்படி ஒரு தங்கை.

என் கருவிப் பெட்டியை இழுத்து, அதன் மூடியில் கைக்குட்டையை விரித்தேன்.

"இந்தாங்க, இது உங்க எடம்," என்றேன் இருட்டிடம். "யாரும் எடுக்க மாட்டாங்க. உக்காருங்க."



கருவிப் பெட்டியின் கீல் முனகியது.

என் மனைவி ஒரு பெரிய மூச்சு இழுத்து என்மேல் சாய்ந்தாள். வெளிச்சம் வந்தது. சங்கத்தார் கைதட்டினார்கள். விசில்காரர், இருட்டு அருமையாக வந்தது, ஒவ்வொரு வாரமும் இப்படியே செய்துவிடுங்கள் என்று என் தோளைத் தட்டினார். ஸ்டேஷன் வருவதற்குள் மச்சானுக்கு முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. பக்கத்திலிருந்தவரிடம், "நான் பயப்படலைங்க, ஆனா தங்கச்சி கொஞ்சம் மிரண்டுட்டா," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிளாட்பாரத்தில் இறங்கியதும் கைக்குட்டையை ஒரு குச்சியால் எடுத்துத் தண்டவாளத்துக்கு நடுவில் போட்டேன். கருவிப் பெட்டியையும் விட்டுவிட்டு வரத்தான் மனம் சொன்னது. அதில் இருப்பது என் பிழைப்பு. தூக்கிக்கொண்டேன். என்றைக்கும் இருக்கிற கனம்தான். மச்சான் தன் காரில் வரச் சொன்னார். என் மனைவி அவர் முகத்தைப் பார்க்காமலே வேண்டாம் என்றாள்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். பெட்டியை நடைபாதையில் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இனி அந்த மனிதர் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்றும் முடிவு செய்துகொண்டேன்.

பக்கத்தில் நின்ற பெரியவர் என் தோளைத் தொட்டார். "தம்பி, இந்தப் பொட்டி மேல கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா? கால் வலிக்குது."

தாராளமா என்று சொல்லக் குனிந்தேன். மூடியில் கைக்குட்டை விரித்திருந்தது. நீலக் கட்டம். சுருக்கமே இல்லாமல்.

"இல்லைங்க," என்றேன். "ஆள் இருக்கு."

பெரியவர் ஆளில்லாத பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இப்படியும் ஒரு பிறவியா என்கிற பார்வை. மச்சானைப் பார்க்க நான் வைத்திருக்கும் அதே பார்வை. டிரைவர் பிரேக் அடித்தார். நின்றவர்கள் எல்லோரும் முன்னால் சரிந்தோம். பெட்டி மட்டும் நகரவில்லை.

என் மனைவி காலை ஒதுக்கிக்கொண்டாள், உட்கார்ந்திருப்பவரின் முழங்காலுக்கு இடம் விடுவதுபோல. பிறகு குனிந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"எங்க எறங்குறீங்க?"

தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டாள். நிமிர்ந்தபோது அவள் கை என் கையைத் தேடிப் பிடித்தது. சில்லென்று இருந்தது.

"என்ன?" என்றேன்.

"நம்ம ஸ்டாப்புலதானாம்."