பக்கத்து சீட்டின் பெடல்

அந்த வெள்ளைக் கார் மூன்றாவது முறையாக என் பட்டறைக்குள் நுழைந்தபோது காலை பத்து மணி. நர்ஸம்மா இரவு ஷிப்டை முடித்துவிட்டுச் சீருடையோடே வந்திருந்தார். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. என் கண்ணும் அப்படித்தான் இருந்திருக்கும். கூட வேலை பார்த்த மச்சான் போன வருடமே கழன்றுகொண்டான். அன்றிலிருந்து ஸ்பானரை எடுப்பதும் நான்தான், எடுத்த இடத்தில் வைப்பதும் நான்தான்.

“அண்ணே, மறுபடியும் அதே கதைதான். லாரிய ஓவர்டேக் பண்றேன், பாதியில பிக்கப் செத்துடுச்சு. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், போகவே மாட்டேங்குது. எதிர்ல பஸ். எப்படித் தப்பிச்சேன்னு எனக்கே தெரியல. வீட்ல ரெண்டு வயசுக் கொழந்தைண்ணே.”

“உக்காருங்க சிஸ்டர். இன்னிக்குக் கண்டுபிடிச்சிடலாம்.”

இதையேதான் போன இரண்டு தடவையும் சொல்லியிருந்தேன். டர்போ வண்டி, காற்று எங்கே கசிந்தாலும் இழுவை போய்விடும். முதல் தடவை எல்லா ஹோஸிலும் புகை விட்டுப் பார்த்தேன், கசிவே இல்லை. அடுத்த தடவை டர்போவின் காற்றழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சாரை மாற்றினேன். இரண்டு முறையும் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தபோது வண்டி பறந்தது. “உங்ககிட்ட வந்தா மட்டும் நல்ல புள்ளயா நடந்துக்குது” என்று அப்போது சிரித்தார்.

இன்று சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் சுவரில் தலை சாய்த்துத் தூங்கிப்போனார். எழுப்ப மனம் வரவில்லை. வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகிப் பதிவை ஓடவிட்டு, நான் மட்டும் கிளம்பினேன். அதுவரை அந்த வண்டியை நான் தனியாக ஓட்டியதே இல்லை.

வானம் மூடிக்கிடந்தது. பழைய தொழிற்சாலையின் மதிலை ஒட்டிப் போகும் சாலையில் ஆள் நடமாட்டம் இல்லை. கண்ணாடியை ஏற்றியதும் உள்ளே ஒரு வாசனை வந்தது. தொண்டை கட்டினால் வாயில் போட்டுக்கொள்ளும் யூகலிப்டஸ் மிட்டாயின் வாசனை. நர்ஸம்மா சாப்பிடுவார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

டிங். டிங். டிங்.

சீட் பெல்ட் மணி. குனிந்து பார்த்தேன், என் பெல்ட் போட்டுத்தான் இருந்தது. டாஷ்போர்டில் பக்கத்து சீட்டுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது.

பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. ஒரு பை கூட இல்லை.

ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். டர்போ ஒரு நொடி சீறியது, பிறகு அடங்கிவிட்டது. கால் பாதிக்கு மேல் இறங்கியும் வண்டி தள்ளுவண்டியாக நகர்ந்தது. வலது காலை அதிலேயே வைத்துக்கொண்டு கீழே பார்த்தேன்.

பிரேக் பெடல் ஒரு விரல் அளவு கீழே போயிருந்தது.

என் கால் அதன்மேல் இல்லை.

ஓரங்கட்டினேன். ஸ்கேனரை எடுத்துப் பார்த்தேன். பதிவில் தெளிவாக இருந்தது. ஆக்ஸிலரேட்டர் எழுபது சதவீதம். பிரேக், மிதிக்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்து மிதித்தால் எஞ்சின் தன் பலத்தைக் குறைத்துக்கொள்ளும். பாதுகாப்புக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். கடைசி வரியில், பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறார் என்றிருந்தது.

ஒயரிங்காக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இறங்கிப் போய் அந்தப் பக்கத்துக் கால்மிதியையும் அடியிலிருந்த கார்பெட்டையும் தூக்கினேன்.

கீழே மஞ்சள் பெயிண்ட். அதில் நான்கு துளைகள். மூன்று நேராக இருந்தன, ஒன்று கோணல்.

அந்தக் கோணல் துளையைப் போட்டவன் நான். அன்று டிரில் வழுக்கியது.

எட்டு வருடத்துக்கு முன் இது மஞ்சள் நிற டிரைவிங் ஸ்கூல் கார். பெடலைக் கழற்றி, வெளியே வெள்ளை அடித்து விற்றிருக்கிறார்கள். கற்றுக்கொடுப்பவர் பக்கத்து சீட்டிலிருந்தே பிரேக் பிடிக்க ஒரு கூடுதல் பெடலை நான்தான் மாட்டிக் கொடுத்தேன். நாள் முழுக்க “மெதுவா, மெதுவா” என்று சொல்லியே தொண்டை கட்டிக்கொண்டவர் அவர். எல்லாருக்கும் மெதுவா மாஸ்டர். மிட்டாய் இல்லாமல் அவர் வாயைப் பார்த்ததில்லை.

ஒரு மத்தியானம் வந்து, “தம்பி, என் பெடல் லூசா இருக்கு. பாதி மிதிச்சாலும் பிடிக்கல. பாத்துடு” என்றார். நான் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. வேறொரு வண்டிக்கு அடியில் கிடந்தேன். “பாத்துட்டேன் மாஸ்டர், ஓகே” என்று சொல்லி, பார்க்காமலே சர்வீஸ் அட்டையில் டிக் அடித்துக் கொடுத்தேன்.

நான்காம் நாள் ஒரு வளைவில், கற்றுக்கொண்டிருந்தவர் பதறிப்போய் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். கார் இதே மதிலில், மாஸ்டர் பக்கமாக மோதியது. மாஸ்டர் அங்கேயே இறந்துபோனார். தப்பு கற்றுக்கொண்டவர்மேல் என்று முடிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

லூசான அந்தப் பெடலை எவ்வளவு மிதித்தாலும் ஓட்டுநர் பக்கத்து பிரேக் ஒரு விரல் அளவுதான் இறங்கும். அவர் இன்னும் மிதித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஓட்டுநர் சீட்டுக்குத் திரும்பிக் கதவைச் சாத்தினேன். வாசனை நெஞ்சை அடைத்தது.

“மாஸ்டர்,” என்றேன். “அன்னிக்கு நான் பாக்கல. பொய் சொன்னேன். இந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல. அவங்கள விட்டுடுங்க. கேக்க வேண்டியது என்கிட்ட.”

மணி நின்றது.

சீட்டின் பஞ்சு மெல்ல மேலெழுந்தது, உட்கார்ந்திருந்தவர் எழுந்தால் எழுமே, அப்படி.

திரும்பி வரும்போது கார் அம்பாகப் பாய்ந்தது. நர்ஸம்மாவை எழுப்பி, ஒயரிங்கில் கோளாறு, சரியாகிவிட்டது என்றேன். மறுபடியும் ஒரு பொய். நான்காம் நாள் மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது.

“அண்ணே, சூப்பரா இழுக்குது! இப்பல்லாம் தனியா போகவே பயமில்ல. அந்த மிட்டாய் வாசனை கூடப் போயிடுச்சு.”

பல நாளுக்குப் பிறகு மனசு லேசானது. பட்டறையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு, சாப்பிட என் பழைய காரில் கிளம்பினேன். மெயின் ரோட்டில் ஒரு லாரியை முந்தி அதன் முன்னால் வந்தபோது மூக்கில் யூகலிப்டஸ் ஏறியது.

“மெதுவா,” என்றது பக்கத்து சீட்.

என் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டேன். பிரேக் பெடல் தானாகவே இறங்கத் தொடங்கியது. பின்னால் லாரியின் ஹாரன் நிற்காமல் அலறியது.

என் காரின் பிரேக்கை நான் வாரம் ஒருமுறை பார்ப்பவன். அது லூசாக இல்லை.