நாற்பத்தேழாம் ஜாடி

போன் அலறியது.

காலை ஏழு மணி. பெர்லினிலிருந்து அந்த நேரத்துக்கு போன் வந்தால் கிழக்கு ஜெர்மனியில் யாரும் உட்கார்ந்துகொண்டு பேச மாட்டார்கள்.

ரகசியப் போலீஸ் கேப்டன் எகோன் ட்ராப் எழுந்து நின்றார். காலர் பட்டனைப் போட்டார். பிறகுதான் ரிசீவரை எடுத்தார்.

"ட்ராப் பேசறேன்."

"தலையணை வச்சுத் தூங்குவியா, ட்ராப்?"

கர்னல் ஃபோல்கரின் குரல்.

"தூங்குவேன், தோழர் கர்னல்."

"எத்தனை?"

"ஒண்ணு... கட்சி சொன்னா அதையும் விட்டுடறேன்."

"ஹாம்பர்க்ல ஒரு பொம்பளை போன வாரம் புதுசா ஒரு தலையணை உறை வாங்கியிருக்கா. உள்ளே கையை விட்டா... ஒரு துணித் துண்டு. படிக்கிறேன், கேளு. 'இதைத் தைத்தவள் கைதி. தினம் இருநூறு உறை. குறைந்தால் இருட்டறை. நன்றாகத் தூங்குங்கள்.'"



மேற்கு ஜெர்மனிக் கடைகளுக்குப் போகும் உறைகள் ட்ராப்பின் பொறுப்பிலிருந்த பெண்கள் சிறையில்தான் தைக்கப்படுகின்றன.

"கடைசி வரி மரியாதையாத்தான் இருக்கு, தோழர்..."

"அந்த ஊர்ப் பத்திரிகை முதல் பக்கத்துல போட்டுட்டான்ய்யா! துண்டை நம்ம ஆளு எப்படியோ சுட்டுக் கொண்டாந்துட்டான். எடுத்துக்கிட்டு பதினோரு மணிக்கு வர்றேன். பன்னண்டு மணிக்கு எழுதினவ யாருன்னு எனக்குத் தெரியணும்."

"கவலைய விடுங்க. நம்மகிட்ட மோப்ப நாய் ஃப்ளோரா இருக்கா."

போனை வைத்தார். சிகரெட் லைட்டரை பாக்கெட்டில் போட்டார்.

அது தொடை, முழங்கால் என்று நிதானமாக இறங்கி, ஷூவின் மேல் வந்து உட்கார்ந்தது.

"சனியன்..." குனிந்து எடுத்தார். "ரெண்டு மாசமா இதே ரோதனை."

எழுதியது கைதி நாற்பத்தேழு. குட்ருன் ஹெய்ன்.

உங்களுக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். ட்ராப்பிடம் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

நாட்டை விட்டுப் போக அனுமதி கேட்டு மூன்று முறை மனுப் போட்டாள். அதுதான் குற்றம். இரண்டு வருடம். இன்னும் ஒன்பது நாளில் விடுதலை. அவளுடைய ஆறு வயது மகள் ஆன்கே அரசு விடுதியில் காத்திருக்கிறாள். தாய்க்குத் தண்டனை நீண்டால், குழந்தையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். தாளெல்லாம் தயாராக இருக்கிறது. கையெழுத்து மட்டும் பாக்கி.

தையல் கூடத்தில் பக்கத்து மெஷின்காரி உதடு அசையாமல் கேட்டாள்.

"ஏண்டி குட்ருன், நாயைக் கொண்டு வர்றாங்களாமே?"

"வரட்டும். நாய்க்கும் வேலை வேணும்ல?"

"உனக்குப் பயமே இல்லையா?"

"இருக்கு. அதுக்காக உறை நூத்தி எண்பதோட நின்னா விடுவானா? காலை அமுக்கு."

அவள் கால் மெஷினை மிதித்தது. நடுக்கத்துக்கும் மிதிப்பதற்கும் வெளியே வித்தியாசம் தெரியவில்லை.

பதினோரு மணி.

கூடத்தில் நீள மேஜை. மேலே பன்னிரண்டு கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் துணி. கைதானவளை முதல் நாளே மஞ்சள் துணி போட்ட நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார வைப்பார்கள். பிறகு அந்தத் துணி ஜாடிக்குள் போகும். வாசனை ஃபைல் ரெடி. இந்தத் துறையால் ஊரில் ஊறுகாய் போட ஒரு ஜாடி கிடைப்பதில்லை என்பது பெண்களின் தனிப் புகார்.

உறை தைக்கும் பன்னிரண்டு பேரும் அவரவர் ஜாடிக்குப் பின்னால் நின்றார்கள்.

கர்னல் ஃபோல்கர் வந்தார். குட்டையான மனிதர். நீளமான கோட்டு.

"இந்த நாயை நம்பலாமா, ட்ராப்?"

"ஃப்ளோராவையா? நான் ரிப்போர்ட்டே எழுதியிருக்கேன், தோழர் கர்னல். இருநூத்திப் பதினாலு கேஸ். ஒண்ணுகூடத் தப்பல."

"கையெழுத்துப் போட்டிருக்கியா?"

"மூணு காப்பியிலயும்."

கர்னல் கிடுக்கியால் துணித் துண்டை எடுத்து நீட்டினார். வெள்ளைப் பருத்தி. உள்ளங்கை அகலம்.

ஃப்ளோரா மோந்தது. ஆழமாக.

வாலை ஒருமுறை ஆட்டியது.

"தெரிஞ்ச வாசனைங்கறா," என்றார் ட்ராப் பெருமையாக. "தேடு, கண்ணு."

முதல் ஜாடி. தாண்டியது.

ஐந்தாவது. தாண்டியது.

ஒன்பதாவது ஜாடியில் எண் நாற்பத்தேழு.

ஃப்ளோரா நின்றது.

மூக்கை உள்ளே விட்டது... எடுத்தது... மறுபடி விட்டது.

குட்ருன் மூச்சை நிறுத்தினாள். கை படாமல் கத்தரிக்கோல் நுனியால்தான் துணியை அழுத்திப் பிடித்து எழுதினாள். மடித்ததும் அதே நுனியால்தான். ஒருவேளை ஒரு விரல்... ஒரே ஒரு விரல் பட்டிருந்தால்?

ட்ராப் சிரித்தார். "என்ன, நாற்பத்தேழு? ஒன்பது நாள்தான் பாக்கின்னு சுவத்துல கோடு போட்டியே... இனிமே பெரிய சுவரா வேணும்."

ஃப்ளோரா தும்மியது.

திரும்பியது.

மீதி மூன்று ஜாடிகளை ஏறெடுத்தும் பார்க்காமல் நேராக நடந்து... ட்ராப்பின் காலடியில் உட்கார்ந்தது. அவருடைய வலது தொடையில் மூக்கை வைத்து ஒரே ஒருமுறை குரைத்தது.

கூடத்தில் ஊசி விழுந்தது. உண்மையிலேயே விழுந்தது, யாரோ ஒரு கைதியின் கையிலிருந்து.

"போ, ஃப்ளோரா. அங்க போய்த் தேடு."

நாய் அசையவில்லை.

"தோழர் கர்னல், இன்னிக்கு அவளுக்கு உடம்பு சரியில்ல..."

"அப்போ நாய் தப்பு பண்ணும்?"

"ஆமா... இல்ல..."

"யோசிச்சுச் சொல்லு. நாய் தப்புன்னா இருநூத்திப் பதினாலு பேரை வெளியே விடணும். நாய் சரின்னா ஒருத்தனை உள்ளே வைக்கணும். எழுத்து வேலை எதுல கம்மி?"

ட்ராப்புக்கு வேர்த்தது. கைக்குட்டைக்காக பாக்கெட்டில் கையை விட்டார்.

கை போய்க்கொண்டே இருந்தது.

வெளியே எடுத்தார். கர்னலின் கிடுக்கியைப் பார்த்தார். வெள்ளைப் பருத்தி. உள்ளங்கை அகலம்.

"இது என் பாக்கெட்!"

"ஒத்துக்கிட்டதுக்கு சந்தோஷம்."

"ஐயோ, அது இல்ல... என் பேண்ட்லேர்ந்து யாரோ வெட்டியிருக்காங்க. ரெண்டு மாசம் முன்னாடி ஓரம் பிரிஞ்சிருந்தது... தைக்கக் கொடுத்தேன்... அவதான்..."

ட்ராப்பின் விரல் எழுந்தது. மேஜையின் மேல் மெல்ல நகர்ந்து நாற்பத்தேழாம் ஜாடிக்குப் பின்னால் போய் நின்றது.

குட்ருன் கண்ணை மூடினாள். ஆன்கேயின் முன்பல் விழுந்திருக்கும் இந்நேரம். அதைப் பார்க்காமலே...

"ஒரு நிமிஷம்," என்றார் கர்னல். "யார்கிட்ட கொடுத்தே? டெய்லர்கிட்டயா, கைதிகிட்டயா?"

"ஏன் கேக்கறீங்க?"

"கைதியோட உழைப்பு அரசாங்கச் சொத்து. அவங்க ஊசி எடுத்தா அது ஏற்றுமதிக்கு. கேப்டன் பேண்ட்டுக்கு இல்ல. சொந்த வேலைக்குக் கைதிய வச்சா, தேசத் திருட்டு. எட்டு வருஷம்."

"எட்டா..."

"எட்டு. போன மாசம் நான்தான் சுற்றறிக்கை அனுப்பினேன். படிக்கலையா?"

"படிச்சேன். பாக்கெட்ல வச்சேன். காணோம்."

விரல் இன்னும் அந்தரத்தில்.

"தோழர் கர்னல்... சீட்டு எழுதினதுக்கு எத்தனை வருஷம்?"

"அஞ்சு."

ட்ராப் கணக்கில் புலி இல்லை. ஆனால் இது சின்னக் கணக்கு.

விரல் மெதுவாக மடங்கியது. வந்த வழியே திரும்பியது. அவருடைய நெஞ்சிலேயே போய் நின்றது.

"நான்தான் எழுதினேன்," என்றார்.

"எதுக்குய்யா?"

"சும்மா... தூக்கம் வரல."

ஃப்ளோராவுக்கு ஒரு பிஸ்கட் கிடைத்தது. இருநூற்றுப் பதினைந்தாவது கேஸ்.

அன்று மாலை, ஆண்கள் சிறைக்கு வண்டி வரும்வரை ட்ராப்பைத் தையல் கூடத்து ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். முதலில் மஞ்சள் துணி நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார வைத்தார்கள். பிறகு பதிவேட்டில் புது எண்: முந்நூற்றுப் பதின்மூன்று.

கைதி உடுப்பு கொடுக்கும் முறை அன்றைக்குக் குட்ருனுடையது. மடித்த கால்சட்டையை அவரிடம் நீட்டினாள்.

ட்ராப் அதை விரித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் தடவினார்.

"இதுல பாக்கெட்டே இல்லையே?"

"இல்ல, முந்நூத்திப் பதிமூணு," என்றாள் குட்ருன். "உங்களுக்குத்தான் ரெண்டு மாசமாப் பழகிடுச்சே."