மண்ணீரல் இல்லாத அணி

ஆட்டத்துக்கு முன் ஏழு பேரின் வயிற்றிலும் பதித்திருக்கும் வலிமறைப்பியை முடுக்கிவிடுவதுதான் அணி டாக்டராக என் வேலை. வயிற்றில் கருவியை வைத்து அழுத்தினால் போதும், அதன்பின் யார் மிதித்தாலும் அந்த வயிற்றுக்கு உறைக்காது. இதற்கா ஐயா பத்து வருடம் படித்தேன்? தூ!

கபடி லீக்கின் சட்டம் இன்னும் அசிங்கம். ஆட்டக்காரர் தன் வாயால் "வயிறு வலிக்கிறது" என்றால்தான் வெளியே எடுக்கலாம். வலியை அடைத்துவிட்டு, வலித்தால் சொல் என்கிறார்கள்!

அன்று எதிரணிப் பக்கம் கபடி பாடிப்போன எங்கள் மாயக்கண்ணனின் இடது விலாவுக்குக் கீழே எதிரணிக்காரனின் முழங்கால் இறங்கியது. ராட்சதத் திரையில் அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கூட்டம் விசிலடித்தது. பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

திரும்பி வந்தவனின் முகம் வெளிறியிருந்தது. "இடது தோள்தான் இழுக்குது டாக்டரம்மா. ஸ்பிரே அடிச்சு விடுங்க, போதும்."

எனக்குப் பகீரென்றது. வயிற்றுக்குள் கசியும் ரத்தம் உதரவிதானத்தை உறுத்தினால் தோள் வலிக்கும். அந்த வலியைக் கடத்தும் நரம்பு வலிமறைப்பிக்கு எட்டாது.

"மண்ணீரல் கிழிஞ்சிருக்கு. இவனை உடனே வெளிய எடுங்க," என்றேன்.

மேனேஜர் ஜெயசிங் அவனிடம் திரும்பினார். "வயிறு வலிக்குதாடா?"

"இல்லண்ணே."

"அவனே இல்லங்கிறான். உங்களுக்கு என்ன மேடம் வந்துச்சு?"

அவரிடம் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. கருவியை மாயக்கண்ணன் வயிற்றில் வைத்து வலிமறைப்பியை அணைத்தேன். "ஐயோ அம்மா!" என்று சுருண்டு விழுந்தான். "வலிக்குது டாக்டரம்மா, வயிறு வலிக்குது!" பாவி நான், அந்த அலறலைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன்.

மண்ணீரலை எடுத்துத்தான் ஆளைக் காப்பாற்ற முடிந்தது. மறுநாள் காலை மற்ற ஆறு பேரும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தார்கள். நண்பனைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று மனம் குளிர்ந்தது.

"அவன் நல்லாயிருக்கான், உள்ள போய்ப் பாருங்கப்பா," என்றேன்.

கேப்டன் செங்கோடன் நகரவில்லை. "இனி அவனுக்குக் கிழிய ஒண்ணுமில்லல்ல டாக்டரம்மா?"

"அதுக்கு?"

"அதான், எங்களுக்கும் இப்பவே எடுத்துருங்க. மண்ணீரல் இல்லாதவனுக்குத்தான் அடுத்த வருசம் இடமாம். ஜெயசிங் அண்ணன் சொல்லிட்டாரு."

"அறிவிருக்கா உங்களுக்கு? அது இல்லாட்டி சாதாரணக் கிருமி தொத்தினாலே உசிருக்கு ஆபத்துடா!"

அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"அது ஆடி முடிச்ச பொறவுதான டாக்டரம்மா," என்றான். மற்றவர்கள் வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள்.