முப்பத்தொன்றாம் வீட்டு விசிட்டர்

வினோதினியின் பக்கத்து நாற்காலியில் ஒரு விசிட்டர் அட்டை கிடந்தது. மஞ்சள் நாடாவில் கோத்து கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் அட்டை. சிதம்பரம் பைபாஸ் ஓரத்து ஓட்டலின் மாடி ஹாலில் செவ்வாய்தோறும் காலை ஏழு மணிக்குக் கூடும் இந்த வியாபாரிகள் சங்கத்தில் ஒவ்வோர் உறுப்பினரும் அவ்வப்போது ஒரு புது ஆளைக் கூட்டிவர வேண்டும். வருகிறவருக்கு அந்த மஞ்சள் அட்டை, கூட்டி வந்தவரின் பக்கத்தில் ஒரு நாற்காலி. வினோதினி இன்று யாரையும் கூட்டி வரவில்லை. கடலூர் ஓ.டி. என்கிற பழைய நகரத்திலிருந்து ஐந்தே கால் பஸ்ஸில் தனியாக ஏறி, குடிகாட்டு ரசாயனத் தொழிற்சாலைகளைத் தாண்டும் வரை மூக்கைப் பொத்திக்கொண்டு, பிறகு ஜன்னல் கம்பியில் தலை இடிபட அரைத்தூக்கமாக வந்து சேர்ந்தவள் அவள்.

அட்டையைத் திருப்பினாள். 'ஆரோக்கியம்மாள், வீடு எண் 31' என்று பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தது.

வாசல் மேசையில் பெயர் பதிந்துகொண்டிருந்த கலைமணியிடம் அட்டையோடு போனாள். கலைமணிக்கு டைல்ஸ் கடை. எதையும் நிதானமாகச் சொல்லிப் பழகியவள்.

"உங்க பேரத்தான் சொன்னாங்க வினோ. வயசானவங்க. வினோதினிய பாக்கணும், வீட்டு விஷயம்னாங்க. எழுத வரலன்னாங்க, நான்தான் எழுதிக் குடுத்தேன். பாவம், பொடவ பூரா சுண்ணாம்பு."

எங்கே இப்போது என்று கேட்டதற்கு, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள், காட்டிவிட்டேன் என்று தாழ்வாரத்தைக் கைகாட்டிவிட்டு அடுத்தவருக்கு அட்டை எழுதத் தொடங்கினாள்.

வினோதினிக்கு முதலில் வந்தது பயம் அல்ல, நிம்மதி. அதை நினைத்துப் பின்னால் அவளுக்கே வெட்கமாக இருந்தது. கிழவி இங்கே வந்திருந்தால் அந்த வீட்டில் இல்லை. அது போதும்.

அந்த வீடு கடலூர் ஓ.டி.யில், உப்பனாற்றின் கரையோரம். துறைமுக வேலையாட்களுக்காக எந்தக் காலத்திலோ கட்டிய நாற்பத்தெட்டு வரிசை வீடுகள். உப்புக்காற்று தின்ற சுவர்கள். அவற்றை இடித்து ஐந்து மாடிக் குடியிருப்பு கட்டும் வேலையை வினோதினியின் முதலாளி செந்தமிழ்செல்வன் எடுத்திருந்தார். வீடு வீடாகப் போய்ச் சம்மதம் வாங்குவது அவள் வேலை. பூட்டிக்கிடக்கும் வீடு என்றால் அதற்கும் ஒரு முறை உண்டு. மூன்று வெவ்வேறு நாட்கள் போக வேண்டும், ஒவ்வொரு நாளும் கதவைத் தட்ட வேண்டும், அக்கம்பக்கம் விசாரிக்க வேண்டும். அப்புறம்தான் மூன்று தேதிகளையும் குறித்து, அந்த வீட்டில் ஆள் இல்லை என்று பட்டியலில் எழுதி, கதவில் சிவப்புப் பெயிண்டால் ஒரு வட்டம் போடலாம்.

முப்பத்தொன்றுக்கு அவள் ஒரே ஒரு நாள்தான் போனாள். வெளியே பூட்டு தொங்கியது. அக்கம்பக்கத்து வீடுகள் ஏற்கெனவே காலியாகிவிட்டன. காலையிலிருந்து செந்தமிழ்செல்வன் நான்கு முறை போன் செய்து பட்டியல் எங்கே என்று கேட்டுவிட்டார். கொசு வேறு பிடுங்கியது. நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் விட்டு ஒரு நிமிடம் மூன்று முறை தட்டினாள். மூன்று தேதி எழுதினாள். மூன்றாவது முறை தட்டியபோது உள்ளே கீழ்ப்பக்கத்திலிருந்து, கதவின் அடியிலிருந்து, மெதுவாக இரண்டு தட்டு திரும்பி வந்தது. பெருச்சாளி என்று சொல்லிக்கொண்டு வட்டத்தைப் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

அது நடந்து பன்னிரண்டு நாள். நான்கு நாளைக்கு முன்பு, அங்கே குடியிருந்து பெயர்ந்து போன ஜெயராணி என்ற பெண் மீன் மார்க்கெட்டில் அவளை நிறுத்தி, ஆரோக்கியம்மா எங்கே போனார்கள் என்று விசாரித்தாள். அந்த அம்மாவுக்கு ஞாபகம் தடுமாறும், கதவு திறந்திருந்தால் ஹார்பர் பக்கம் கிளம்பிவிடும், அதனால் மகன் செம்பியன் வேலைக்குப் போகும்போது உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவான் என்றும் சொன்னாள். வினோதினி ஒரு வினாடிகூட யோசிக்காமல், மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்றாள். ஆரோக்கியம்மாளுக்கு மகள் உண்டா என்பதே அவளுக்குத் தெரியாது. பட்டியலில் இருந்த செம்பியனின் எண் அன்றும் ஸ்விட்ச் ஆஃப், நேற்றும் ஸ்விட்ச் ஆஃப்; அவன் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை.

போய்ப் பார்த்திருக்கலாம். பூட்டை உடைக்க ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் உடைத்துப் பார்க்கப் போனால் மூன்று தேதியும் பொய் என்று தெரிந்துவிடும்; எட்டு வருடம் வெயிலில் தெருத்தெருவாக அலைந்து பிடித்த வேலை போய்விடும். இன்று இந்த மீட்டிங்கில், இத்தனை பேர் முன்னால், அவளைப் புராஜெக்ட் மேனேஜர் என்று முதலாளி அறிவிக்கப்போகிறார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடக் கூடாதே என்று நான்கு ராத்திரியும் புரண்டு புரண்டு படுத்தாள்.

இன்று காலை எட்டு மணிக்கு ஆற்றை ஒட்டிய வரிசையை முதலில் இடிக்கிறார்கள். முப்பத்தொன்று அந்த வரிசையில்தான் இருக்கிறது.

இடிக்கும் கான்டிராக்டர் லூர்துசாமி நேற்று மாலையே சொல்லிவிட்டார். "ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒங்களுக்கு ஒரு போன் போடுவேன் மேடம். நீங்க வேணாம்னு சொல்லலன்னா பொக்லைன எறக்கிடுவேன். ஒங்க லிஸ்டுதான் எனக்கு வேதவாக்கு."

இப்போது அவருக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடிப்பதற்குள் ஹாலில் மணி அடித்துவிட்டார்கள், கலைமணி பிரம்புக்கூடையோடு வந்து நின்றாள். மீட்டிங் முடியும் வரை எல்லோர் போனும் அந்தக் கூடையில்தான். வினோதினி போட்டாள். செந்தமிழ்செல்வன் முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்து, கட்டைவிரலை உயர்த்தினார்.

சுற்று ஆரம்பமானது. ஒவ்வொருவரும் எழுந்து முக்கால் நிமிடத்தில் தன் தொழிலைச் சொல்லி, தனக்கு யாருடைய அறிமுகம் வேண்டும் என்று கேட்க வேண்டும். கம்பி வியாபாரி, லிப்ட் போடுகிறவர், வீட்டுக் கடன் ஏஜெண்ட், லால்பேட்டையிலிருந்து வந்த மர வியாபாரி என்று எல்லோருக்கும் கடலூர் வேலையில் ஒரு பங்கு வேண்டும், எல்லோரும் உட்காரும்போது வினோதினியைப் பார்த்து ஒரு தலையாட்டல். அவளால் இருப்புக் கொள்ளவில்லை. காலை மாற்றி மாற்றிப் போட்டாள். எதிரே மேசையில் இருந்த பொங்கலில் நெய் உறைந்துகொண்டிருந்தது. பக்கத்து நாற்காலி அப்படியே இருந்தது. ஏழு ஐம்பதுக்கு எழுந்து தாழ்வாரத்துக்குப் போனாள். ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும்.

தாழ்வாரத்தில் பினாயில் வாசனை அடித்தது. பாத்ரூம் கதவைத் தள்ளியதும் அது நின்று வேறு வாசனை வந்தது: நாள்கணக்கில் பூட்டிய வீட்டின் ஈரச் சுவர், கசங்கிய துணி, மண்ணெண்ணெய், அதற்கும் அடியில் புளித்துப்போன சோறு. குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. டியூப் லைட் எரிந்தும் மூலையில் வெளிச்சம் போதவில்லை. மூன்று கதவுகளில் இரண்டு திறந்து கிடந்தன. மூன்றாவதில் 'ரிப்பேர்' என்று காகிதம் ஒட்டி, வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. தரையில் வெள்ளையாகத் தடம் இருந்தது. வாசலிலிருந்து அந்தக் கதவு வரை. திரும்பி வந்த தடம் இல்லை.

வெளியே தாழ்ப்பாள் போட்ட கதவுக்குள் ஒருத்தி எப்படிப் போக முடியும்?

"அம்மா," என்று கூப்பிட்டாள்.

கதவின் அடியிலிருந்து இரண்டு தட்டு.

மெதுவாக. தரையோடு தரையாகக் கிடந்து தட்டுகிறவளின் தட்டு.

தாழ்ப்பாள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. விரலை அதன் மேல் வைத்தும்விட்டாள். திறந்து, உள்ளே கிழவி இருந்தால் நல்லது. திறந்து, உள்ளே யாரும் இல்லை என்றால்? அப்போது கிழவி இருக்கும் இடம் அந்த வீடு ஒன்றுதான். அப்போது கூடையிலிருந்து போனை எடுத்து லூர்துசாமியை நிறுத்தச் சொல்லியே ஆக வேண்டும். ஏன் என்று எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும். திறக்காத வரை கிழவி இங்கேதான் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். வினோதினி விரலை எடுத்துக்கொண்டாள். கையைக்கூடக் கழுவாமல் ஹாலுக்குத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் மறுபடி இரண்டு தட்டு கேட்டது. நடையை எட்டிப் போட்டாள்.

ஹாலில் மணி ஏழு ஐம்பத்தைந்து. அவளுடைய முறை வந்துவிட்டிருந்தது. செந்தமிழ்செல்வன் எழுந்து அவள் பெயரையும் புதுப் பதவியையும் சொன்னார், எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சத்தம் அடங்கும்போது பிரம்புக்கூடைக்குள் ஒரு போன் அடித்தது. அவளுடைய போன். அந்த மணியோசை அவளுக்குத் தெரியும்.

ஆறு அடி தூரம். எடுத்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

செந்தமிழ்செல்வன் புருவத்தை உயர்த்தினார். "யாரும்மா அது? அவசரமா?"

"இல்ல சார்," என்றாள் வினோதினி. "அப்பறம் பேசிக்கறேன்."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. அவள் மூச்சு விட்டாள். அழுகை வந்தது, அதை இருமலாக மாற்றினாள்.

"உங்க விசிட்டர அறிமுகப்படுத்துங்க மேடம்," என்றார் சங்கத் தலைவர்.

"அவுங்க வரல."

எல்லோரும் புன்னகைத்தார்கள். முதல்முறை வருகிறவருக்கு எல்லோரும் வரிசையில் போய் விசிட்டிங் கார்டு கொடுப்பது இந்தச் சங்கத்தின் மரியாதை. நாற்பது பேரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். கார்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளை நோக்கி வந்தார்கள். யாருடைய கண்ணும் பக்கத்து நாற்காலியில் இல்லை. அவள் மேலும் இல்லை. அவள் தலைக்குச் சற்று மேலே, அவள் முதுகுக்குப் பின்னால்.

சுவர்க் கடிகாரம் எட்டைத் தொட்டது.

தோளில் ஒரு கை விழுந்தது. எழுந்து நிற்க முடியாதவர்கள் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வார்களே, அப்படிப் பிடித்தது. அவள் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை. கனம் கூடியது. எலும்பும் தோலுமான ஒரு கை. அதற்கு இத்தனை கனம் ஏது? முதுகு வளைந்தது. நெற்றி மேசையில் இடித்தது. கன்னம் பொங்கல் தட்டில் அழுந்தியது. மூச்சில் சுண்ணாம்பு. வாயில் சுண்ணாம்பு. கத்தினாள், சத்தம் வரவில்லை.

ஒற்றைக் கண்ணால் பக்கவாட்டில் பார்க்க முடிந்தது. கம்பி வியாபாரி குனிந்து வணக்கம் சொன்னார். கார்டை நீட்டினார். அவர் விரலிலிருந்து அது மெல்ல உருவப்பட்டு அவள் தலைக்கு மேலே போனது. அடுத்து மர வியாபாரி. அடுத்து கலைமணி, நிதானமாக, சிரித்த முகத்தோடு, மேலிருந்து கொட்டிய செங்கல் தூள் தன் புடவையில் படாமல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தன் கார்டை இரண்டு கையாலும் மேலே நீட்டினாள்.