கீச்சுச் செருப்பு

அன்று மத்தியானம் தையல் மிஷினை நிறுத்திய பிறகும் ஒரு சத்தம் மிச்சம் இருந்தது.

மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாள். சக்கரம் நின்றது, ஊசி துணிக்குள் இறங்கிய மேனிக்கு நின்றது. தெருவில் மெட்ரோக்காரர்கள் நிறுத்திவைத்த தகரத் தடுப்புகள் காற்றில் படபடத்தன. தூரத்தில் ஒரு லாரி பின்னால் நகரும்போது போடுகிற கூச்சல் கேட்டது. இதெல்லாம் காதுக்கு அலுத்துப்போன சத்தங்கள். இது வேறு. சமையலறைப் பக்கம், தரைக்கு அடியிலிருந்து, மிக மெல்லியதாக, ரப்பர் பொம்மையை அழுத்தினால் வருகிற மாதிரி ஒரு கீச்சு. பிறகு ஓர் எட்டு வைக்கிற அளவுக்கு இடைவெளி. மறுபடியும் கீச்சு.

தையல்காரி, பாதி தைத்த பள்ளிக்கூடச் சீருடையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பயம் என்று சொல்ல முடியாது, பயம் பிறகுதான் வந்தது. அந்தச் சத்தத்தை அவளுக்கு அடையாளம் தெரிந்திருந்தது.

அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். மூன்று வயது. வாய் ஓயாமல் பேசியதால் வீட்டில் குருவி என்று கூப்பிட்டார்கள். காலில் சக்கரம் கட்டிக்கொண்ட பிள்ளை, ஓரிடத்தில் நிற்காது. தையலில் கண்ணை வைத்தால் பிள்ளைமேல் வைக்க முடியவில்லை என்று, அடி வைத்தால் கீச்சென்று கத்துகிற செருப்பை வாங்கிப் போட்டுவிட்டாள். நல்ல யோசனை என்று தெருவே மெச்சியது. கண் துணியில், காது பிள்ளையிடத்தில். கீச்சு வாசலில் கேட்டால் ஓர் அதட்டல், கொல்லையில் கேட்டால் ஓர் அதட்டல். ஒருநாள் கொல்லையில் கேட்டுக்கொண்டிருந்த கீச்சு நின்றுபோனது. அப்பாடா, ஒரு வழியாக உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, கையிலிருந்த மடிப்பைத் தைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

கொல்லையில் கிணறு இருந்தது.

பிள்ளையை எடுத்தபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது கிடைக்கவே இல்லை. அவள் புருஷன் கொத்தனார். மாதம் முடிவதற்குள் கிணற்றின் சுற்றுச்சுவரை இடித்து, வாயில் கான்கிரீட் பலகை போட்டு, அதன்மேல் சமையலறையை நீட்டிக் கட்டி, ஓடு பதித்து முடித்தார். யாரோடும் பேசவில்லை. அழக்கூட இல்லை, அழ வேண்டியதையெல்லாம் அந்தப் பூச்சிலேயே பூசிவிட்டார். அங்கே ஒரு கிணறு இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் காற்றுப்போக ஒரு துளை விட்டிருந்தார். முழுக்க மூச்சடைக்க அவருக்கும் மனசு வரவில்லை. அதன்மேல் ஒரு தகர டிரம் நின்றது.

தெருவில் அதை அறிந்தவர் யாரும் இப்போது இல்லை. வடக்குப் பக்கத்து வீடுகளையெல்லாம் ஸ்டேஷனுக்காக இடித்தாயிற்று, பழைய ஆட்கள் மூலைக்கொருவராகப் போய்விட்டார்கள். அதனால்தான் மஞ்சள் தொப்பி போட்ட இன்ஜினியர் பெண் வாசலில் வந்து நின்று கேட்டபோது அவளால் அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்ல முடிந்தது.

"வீட்ல பழைய கிணறு இருக்காம்மா? மூடின கிணறா இருந்தாலும் பரவாயில்ல, மறைக்காம சொல்லிடுங்க. உங்க வீட்டுக்கு அடியிலதான் சுரங்கம் தோண்டற மிஷின் போகப்போகுது. மண்ணு இளகறதுக்காக மிஷினுக்கு முன்னாடி சோப்பு நுரை விடுவோம். கிணறு இருந்தா அது வழியா மேல வந்துடும், தரையே உள்ள போயிடும். முன்னாடியே தெரிஞ்சா சிமென்ட் கரைச்சு ஊத்தி அடைச்சிடுவோம்."

கொத்தனார் வாயைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"இங்க ஏதும்மா கிணறு? எங்களுக்கு எப்பவும் குழாய்த் தண்ணிதான்."

இன்ஜினியர் பெண் சுவர் விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லை ஒட்டிவிட்டுப் போனாள். சுவர் அசைந்தால் சில்லு உடையும், உடைந்தால் உடனே போன் பண்ண வேண்டும் என்றாள். அவள் தலை மறைந்ததும் கொத்தனார் மெதுவாகச் சொன்னார்:

"சொல்லிடலாம்மா. இது விளையாட்டு இல்ல. நான் வேலை தெரிஞ்சவன், சொல்றேன்."

"அவ மேல சிமென்ட் ஊத்தச் சொல்றீங்களா?"

"அவ அங்க இல்லம்மா. நாமதானே எடுத்து..."

"செருப்பு இருக்குல்ல?"

அந்த வீட்டில் அந்தப் பேச்சு எப்போதும் அங்கேதான் முடியும்.

கீச்சு தினமும் வந்தது. முதலில் ஆழத்திலிருந்து வந்தது, காதைத் தரையில் வைத்தால்தான் கேட்கும். பிறகு நின்றுகொண்டே கேட்டாள். மிஷின் கிட்டே வரவர வீட்டின் பாத்திரங்கள் தாமாகவே முணுமுணுத்தன, குடத்துத் தண்ணீரில் வட்டம் வட்டமாக நெளிவு ஓடியது, டிரம்மைச் சுற்றி ஈரமாக ஒரு வாசனை தங்கியது. மண் வாசனைதான் முதலில். அதற்குள்ளிருந்து, பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டும்போது தலையிலிருந்து வருமே, அந்த வாசனை. அவள் டிரம்முக்குப் பக்கத்திலேயே துணியைப் பரப்பிக்கொண்டு பொத்தான்களுக்குக் காஜா எடுக்க ஆரம்பித்தாள்.

"உங்களுக்குக் கேக்குதாங்க?"

"மிஷின் சத்தம்" என்றார் கொத்தனார், முகத்தைப் பார்க்காமல்.

அவளுக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. ஏன் நடுவில் ஓர் இடைவெளி? கீச்சு, ஒன்றுமில்லை, கீச்சு, ஒன்றுமில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது புரிந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு காலில்தானே செருப்பு இருக்கிறது.

மிஷின் அந்த வீடுகளைத் தாண்டும்வரை எல்லோரையும் லாட்ஜில் தங்கவைத்தார்கள். பக்கத்து வீட்டு இஸ்திரிக்காரர் வேனில் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார். "கல்யாணத்துக்கப்புறம் எங்க ரெண்டு பேரையும் லாட்ஜுக்குக் கூட்டிட்டுப் போன ஒரே ஆளு இந்த மெட்ரோதான்." வேன் முழுக்கச் சிரித்தது. தையல்காரியும் சிரித்தாள். அவள் பையில், பழைய துணியில் சுற்றிய ஒற்றைச் செருப்பு இருந்தது.

சாயங்காலம் கொத்தனார் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கிளம்பிவிட்டாள். செருப்பைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளை இத்தனை வருஷமாக ஒற்றைச் செருப்போடு நடந்துகொண்டிருக்கிறாள். பெற்றவளுக்கு வேறென்ன யோசனை வரும்?

தடுப்பு ஓரத்துக் காவலாளியின் கண்ணில் படாமல் பின்சந்து வழியாகப் போய் வீட்டைத் திறந்தாள். உள்ளே நுழைந்து தாழ்ப்பாள் போட்டாள். கரண்ட்டைப் பிடுங்கியிருந்தார்கள். வெளியே வெளிச்சம் இருந்தது, உள்ளே அதற்குள்ளாகவே இருட்டிவிட்டது. காலியான வீட்டில் தரை மட்டும் விழித்திருந்தது. உள்ளங்காலில் ஏறி முழங்கால் வழியாகப் பல்வரைக்கும் வந்தது அந்த அதிர்வு. டிரம்மைத் தள்ளினாள். துளையிலிருந்து காற்று முகத்தில் பட்டது. வெதுவெதுப்பாக, யாரோ வாயைத் திறந்து மூச்சு விடுகிற மாதிரி.

கீச்சு.

மிக அருகில். பலகைக்கு நேர் கீழே.

"குருவி" என்றாள். "அம்மா இங்கதான்டி இருக்கேன். எங்கயும் போகல."

செருப்பைத் துளையின் விளிம்பில் வைத்தாள். கீழே ஏதோ நொறுங்கியது. கல்லா, கிணற்றுச் சுவரா, தெரியவில்லை. அதிர்வு மேலே ஏறிக்கொண்டே வந்து, ஒரே அடியாக அடங்கியது.

கீச்சும் நின்றுபோனது.

அவள் துளையருகே குப்புற விழுந்து அழுதாள். முதல் தடவை அழ நேரமில்லாமல் ஊர் கூடிவிட்டது. இப்போது யாருமில்லை, வாய்விட்டு அழுதாள். மறுபடியும் விட்டுவிட்டேனே, மறுபடியும் விட்டுவிட்டேனே என்று தரையில் அறைந்தாள்.

விரலில் ஈரம் பட்டது.

துளையிலிருந்து நுரை வந்துகொண்டிருந்தது. வெள்ளையாக, அவசரமில்லாமல், அடுப்பில் மறந்துபோன பால் மாதிரி. ஓடுகள் ஒவ்வொன்றாக எழும்பின. அவற்றின் இடுக்கிலிருந்தும் நுரை. சுவரில் கண்ணாடிச் சில்லு ணங்கென்று உடைந்தது. அவள் பின்னாலேயே நகர்ந்து முன்னறைக்கு வந்தாள். தையல் மிஷின் ஸ்டூல் காலில் தட்டியது. உட்கார்ந்துவிட்டாள்.

கதவு தடதடத்தது.

"உள்ளதான் இருக்கியா? கதவத் தொறம்மா! கிணறு இருக்குன்னு சொல்லிட்டேன், மிஷின நிறுத்திட்டாங்க! வெளிய வா!"

புருஷன் அழுதுகொண்டே கத்துகிறார். அந்தக் கதவின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். எழப் போனாள்.

பின்னால், சமையலறையில்.

கீச்சு. கீச்சு.

இடைவெளி இல்லை.

கீச்சு. கீச்சு. கீச்சு.

இரண்டு காலும்.

ஓடுகளைத் தாண்டி. நிலைப்படியைத் தாண்டி. முன்னறைக்குள்.

அவளுக்கு நேர் பின்னால் நின்றது.

அன்றைக்கும் இப்படித்தான் நின்றது. ஒரு மடிப்பு தைக்கிற நேரம்.

இந்தத் தடவை அவள் உடனே திரும்பினாள்.

குருவி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றாள், தூக்கச் சொல்லி. இரண்டு காலிலும் செருப்பு. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஈரமண். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை, நுரைதான் வழிந்தது.

பயம் அப்போதுதான் வந்தது. முழுசாக. ஓடிவிடலாம் என்று உடம்பு சொன்னது, கதவு நாலே எட்டில் இருந்தது.

தூக்கிக்கொண்டாள்.

கனம். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஏது இவ்வளவு கனம்? நனைந்த மண் மூட்டையாக, இன்னும் இன்னும் கனத்தது. குளிர்ந்த சின்னக் கைகள் கழுத்தைச் சுற்றிக் கோத்துக்கொண்டன. கதவுக்கு வெளியே யாரோ கடப்பாரையால் நெம்பினார்கள். அவள் ஒரு கையால் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொடுத்தாள், மறு கையால் மெல்ல, மிக மெல்ல, அந்தப் பிடியை விலக்கப் பார்த்தாள். பிடி இறுகியது.

காலுக்குக் கீழே தரை இறங்கத் தொடங்கியது. நுரை கணுக்காலைத் தொட்டது, முழங்காலைத் தொட்டது. அவள் இடுப்பில் அழுந்திக் கிடந்த சின்னச் செருப்புகள், ஒவ்வொரு முறை தரை இறங்கும்போதும், கீச்சு, கீச்சு என்றன.