அக்காவுக்குக் கேட்காத குரல்

தைத்துக்கொண்டிருந்த சட்டைக் காலரில் ஒரு நீளமான முடி சிக்கியிருந்தது. தங்கை மெஷினை நிறுத்தினாள். அவள் தலையில்தான் முடியே இல்லையே. பிடுங்கிப் பிடுங்கி உச்சந்தலை புண்ணாகிவிட, போன வாரம்தான் அக்கா ஒட்ட வெட்டிவிட்டிருந்தாள். "இனிமே எதப் புடிச்சு இழுப்பேன்னு பாக்குறேன்" என்று சிரிக்க வேறு செய்தாள்.

இன்னொரு தடவை பிடுங்கினால் மறுபடி மனநல வார்டுதான் என்று அத்தான் கறாராகச் சொல்லியிருந்தார். வார்டு என்றாலே அவளுக்குக் குலை நடுங்கும். அங்கே கேட்டுச் சொல்ல அக்கா இருக்கமாட்டாள்.

கேட்டுச் சொல்வதுதான் அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு. மாத்திரையையும் மீறி அந்தக் குரல் வந்து, மண்டைக்குள் ஒரு முடி உள்நோக்கி வளர்கிறது, அதை எடு, எடு என்று நச்சரிக்கும்போது தங்கை கேட்பாள்: "அக்கா, உனக்குக் கேக்குதா?"

"இல்லடி."

அவ்வளவுதான். அக்காவுக்குக் கேட்கவில்லை என்றால் அப்படியொரு குரலே உலகத்தில் இல்லை. குரல் வாலைச் சுருட்டிக்கொள்ளும்.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. மெஷின் எண்ணெயின் வாசனை, காயாத துணிகளின் முடைநாற்றம், குளியலறையில் சொட்டும் குழாய், இவை எல்லாவற்றுக்கும் அடியில் விட்டு விட்டு இன்னொரு சத்தம் வந்தது. டிக். அது அவளுக்கு அத்துப்படி. வேரோடு முடி பிடுங்கப்படும் சத்தம். அவள் கைகள் இரண்டும் துணிமேல்தான் இருந்தன.

"அக்கா, உனக்குக் கேக்குதா?"

படுக்கையறையிலிருந்து பதில் இல்லை. இப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

எழுந்து நடந்தாள். காலில் ஏதோ ஒட்டியது. முடி. கொத்துக் கொத்தாக. கதவு வரைக்கும்.

கட்டில் விளிம்பில் அக்கா முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். டிக்.

"அக்கா..."

"கேக்குதுடி." துணி காய்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். "ரொம்ப நாளாவே கேக்குது. நீ பயந்துடுவேன்னுதான் இல்லன்னு சொல்லிட்டிருந்தேன்."

தங்கைக்கு ஓடவேண்டும் போலிருந்தது. கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

அக்கா தரையில் இறங்கி அவள் முன்னால் தலையைத் தாழ்த்தினாள். பாதி மண்டை வெறுமையாக இருந்தது. காதோரம் ரத்தம்.

"எனக்குப் பிடி கிடைக்கல. நீ எடுத்துடு."

விரல் வைத்துக் காட்டினாள். அங்கே, தோலுக்கடியில், கறுப்பாக ஒன்று மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது.